எதிர்வீட்டு அடுப்பும் என் மூக்கும்

எதிர்வீட்டுக்காரி முதன்முதலாக என் கதவைத் தட்டியபோது அவள் கையில் ஒரு சிறிய கண்ணாடிப் போத்தல் இருந்தது. உள்ளே காய்ந்த இலைத்தூள். வணக்கம் சொன்னாள். மூடியைத் திறந்தாள். போத்தலை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“குறை நினைக்காதேங்கோ. இதை ஒருக்கா மணந்து பாருங்கோ. இன்னும் மணம் இருக்கோ, இல்லாட்டி பழசாப் போச்சோ?”

நாங்கள் இருவரும் சுவிஸில் வின்டர்தூர் நகரில் ஒரே மாடியில், எதிரெதிர்க் கதவுகளுக்குப் பின்னால் நான்கு வருடங்களாக இருந்தவர்கள். அந்த நான்கு வருடத்தில் எங்களுக்குள் நடந்த பேச்செல்லாம் படிக்கட்டில் வணக்கமாக ஒரு ‘குரூட்சி’, நிலக்கீழ்ச் சலவை அறையின் திறப்பைக் கைமாற்றும்போது நன்றிக்கு ஒரு ‘டாங்கே’, அவ்வளவுதான். ஈரானிலிருந்து வந்தவள் என்பது தெரியும். தனியாக இருக்கிறாள், பெரிய கடையொன்றின் பூப்பகுதியில் வேலை செய்கிறாள் என்பதும் தெரியும். ஏறக்குறைய என் வயதுதான். ஐம்பதுக்கு ஒன்றிரண்டு குறைவு.

நாங்கள் பேசிக்கொண்டது இருவருக்கும் பிற்காலத்தில் வந்து சேர்ந்த ஜெர்மன். அவளுடைய ஜெர்மனில் இஸ்பஹான் இழுவை, என்னுடையதில் யாழ்ப்பாண இழுவை. இங்கே அதை என் ஊர்ப் பேச்சாகவே எழுதுகிறேன். என் ஞாபகத்தில் அது அப்படித்தான் இருக்கிறது.

போத்தலை வாங்கி மணந்தேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது எங்கள் வெந்தயம். வெந்தயக் கீரையைக் காயவைத்து நொறுக்கியிருந்தார்கள்.

“நல்லா மணக்குது” என்றேன்.

“எப்பிடி நல்லா?”

இன்னொரு தரம் மணந்து பார்த்தேன். அவள் கதவு நிலையில் சாய்ந்துகொண்டு, வெட்கப்படுகிறவள் போலச் சொன்னாள்: “எனக்கு மூக்கு இல்லை.”

பனிக்காலத்தில் வந்த ஒரு காய்ச்சலோடு அவளுடைய மணம் பிடிக்கும் சக்தி முழுதாகப் போய்விட்டிருந்தது. காய்ச்சல் ஒரு கிழமையில் விட்டது. மணம் மட்டும் மூன்று மாதமாகியும் திரும்பவில்லை. திரும்பலாம், திரும்பாமலும் விடலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். “நாள் முழுக்க ரோசாப்பூவுக்கு நடுவிலை நிக்கிறன். கடதாசிப் பூவுக்கு நடுவிலை நிக்கிற மாதிரிக் கிடக்கு” என்றாள். வேலை எப்படியோ நடக்கிறது. சமையல்தான் நடக்கவில்லை. மூன்று மாதமாகப் பாணும் சீஸும் தின்கிறாள். அன்று அவளுக்கு லீவு. வீட்டுச் சாப்பாடு ஒன்று சமைத்தே தீருவது என்று எழும்பியிருக்கிறாள். முதல் போத்தலைத் திறந்ததுமே அது நல்லதா பழுதா என்று தெரியாமல் நின்றுவிட்டு, என் கதவைத் தட்டியிருக்கிறாள்.

அன்று எனக்கும் லீவுதான். முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை செய்கிறேன். உப்புக் குறைந்த சூப்பும் மசித்த உருளைக்கிழங்கும் தட்டுகளில் பரிமாறுவதுதான் என் வேலை. வீட்டுக் கதவைச் சாத்திவிட்டு அவள் பின்னால் போனேன். ஐந்து நிமிடத்தில் திரும்பிவிடலாம் என்ற எண்ணம்.

அவளுடைய சமையலறை மேசையில் பச்சை மலை ஒன்று இருந்தது. பார்ஸ்லி, கொத்தமல்லி, வெங்காயத் தாள், எல்லாம் பொடியாக அரியப்பட்டு. கோர்மே சப்ஸி என்ற குழம்பு. கீரைகளை எண்ணெயில் வதக்கி, ஆட்டிறைச்சியும் சிவப்பு அவரையும் காய்ந்து கறுத்த புளிப்புத் தேசிக்காயும் சேர்த்து மணிக்கணக்கில் வேகவைப்பது. கீரையை வதக்குவதில்தான் எல்லாம் இருக்கிறது என்றாள். குறைந்தால் புல். கூடினால் கைப்பு. அந்த இடைவெளியை அவள் இருபது வயதிலிருந்து மூக்கால் பிடித்து வந்தவள்.

“நான் கிளறுறன். நீங்கள் சொல்லுங்கோ.”

“நல்லா மணக்குது.”

“நல்லது எண்டு ஒரு மணம் இல்லை” என்றாள். கோபமில்லை, ஆனால் வகுப்பில் நிற்கும் குரல். இஸ்பஹானில் பன்னிரண்டு வருடம் இரசாயனம் படிப்பித்தவள் என்பது பிறகு தெரிந்தது. “என்ன மாதிரி மணக்குது? எதைப் போல?”

நான் சட்டிக்கு மேலே குனிந்தேன். கண்ணை மூடிக்கொண்டேன். நாற்பத்தெட்டு வயது வரைக்கும் யாரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. மணந்தால் மணக்கிறது என்போம், நாறினால் நாறுகிறது என்போம். இரண்டுக்கும் நடுவில் எனக்குச் சொல்லே இல்லை.

“வெட்டின புல்லு” என்றேன். “மழை பெய்து விட்ட பிறகு.”

“நல்லம். இன்னும்.”

கொஞ்ச நேரம் போனது. “இப்ப புல்லு இல்லை. தேயிலை. சாயம் போட்டு வைச்ச தேத்தண்ணி.”

“இன்னும்.”

“இப்ப...” எனக்கே நம்ப முடியவில்லை. அந்தச் சட்டிக்குள்ளிருந்து, யாழ்ப்பாணத்தில் எங்கள் பக்கத்து வளவில் சுருட்டுச் சுற்றுகிறவர்கள் விரித்து வைத்திருந்த புகையிலை மணம் எழுந்து வந்தது. “புகையிலை! புகையிலை வரப் பார்க்குது!”

அவள் ஒரே எட்டில் அடுப்பை நிறுத்தினாள். “அதுதான். அதுக்கு முதலிலை நிப்பாட்ட வேணும்.”

நான் ஒரு கதிரையை இழுத்து அமர்ந்துவிட்டேன். ஒரே சட்டிக் கீரை பத்து நிமிடத்துக்குள் மூன்று தரம் ஆள் மாறியிருந்தது. நான் கல்யாணமான நாளிலிருந்து எத்தனை கீரை வதக்கியிருப்பேன்! ஒன்றையும் இப்படிக் கூடவே போய்ப் பார்த்ததில்லை.

அன்று ஐந்து நிமிடம் என்று போனவள் மாலை வரைக்கும் திரும்பவில்லை.

அதன் பிறகு லீவு நாட்கள் ஒத்து வரும்போதெல்லாம் அவள் கதவைத் தட்டுவாள், அல்லது நான் தட்டுவேன். குங்குமப்பூவை ஒரு துண்டுச் சீனிக்கட்டியோடு இடித்து, ஒரு பனிக்கட்டியின் மேல் தூவி, அது உருக உருகச் சிவப்பு இறங்குவதை முதல் தடவை பார்த்தது அங்கேதான். எங்கள் வீடுகளில் குங்குமப்பூ என்றால் பிள்ளை வயிற்றில் இருக்கும்போது பாலில் போடுவது, அதுவும் யாராவது கொண்டுவந்து கொடுத்தால். அவளுக்கு அது உப்பு மாதிரி. “இது என்ன?” என்று குவளையை நீட்டினாள். “காய்ஞ்ச வைக்கலிலை தேன் சிந்தின மாதிரி” என்றேன். இன்னொரு தரம் மணந்துவிட்டு, “அடியிலை இரும்பு வாளி” என்றேன். அவள் கண் பளபளத்தது. “இரும்பு வாளி! சரியாச் சொல்லுறீங்கள். நான் அதை மறந்தே போனன்.”

ஆனால் என்னை உண்மையிலேயே வாயடைக்கச் செய்தது அவளுடைய சோறு.

அரிசியை அரை வேக்காட்டில் வடித்தாள். பாத்திரத்தின் அடியில் எண்ணெயும் தயிரும் குங்குமப்பூத் தண்ணீரும் ஒரு கை சோறும் கலந்து பரப்பினாள். மீதிச் சோற்றை மேலே கோபுரமாகக் குவித்து, அகப்பைக் காம்பால் நாலைந்து துளை போட்டு, மூடியைத் துணியால் சுற்றி இறுக மூடினாள். பிறகு ஒரு கதிரையை அடுப்பருகே இழுத்துப் போட்டு, பாத்திரத்துக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோனாள்.

“இதுக்கு உங்கட மூக்கு வேண்டாம். இதை நான் கேட்டுச் செய்வன்.”

நானும் காதை வைத்தேன். முதலில் தகரத்தில் தூறல் விழுவது போல ஒரு சத்தம். கொஞ்ச நேரத்தில் அது தணிந்து, காய்ந்த சருகை யாரோ மெதுவாக மிதித்து நடப்பது போல மாறியது. அவள் விரலைத் தண்ணீரில் நனைத்துப் பாத்திரத்தின் பக்கவாட்டில் ஒரு கணம் தொட்டாள். ‘சுர்’ என்றது. தலையாட்டினாள். தட்டை மேலே வைத்து, இரண்டு கையாலும் பிடித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே கவிழ்ப்பு. பாத்திரத்தைத் தூக்கியதும் தட்டில் பொன் நிறத்தில் ஒரு முழு வட்டம். விளிம்பு உடையவில்லை. நடுவில் சின்னச் சின்னச் சிவப்புக் கோடுகள். தஹ்தீக் என்றால் பானையின் அடி என்று அர்த்தமாம். அந்த நாட்டில் விருந்தாளிக்குத்தான் அதில் பெரிய துண்டு.

பானையின் அடி! எங்கள் வீட்டில் சோறு அடிப்பிடித்தால் அம்மாவின் முகமே மாறிவிடும். தண்ணீர் ஊற்றி ஊறவைத்து, சுரண்டி, யாரும் காணாமல் கோழிக்குப் போட்டுவிடுவார். ஒரு நாட்டில் ஒளித்துக் கொட்டுவதை இன்னொரு நாட்டில் தட்டில் ஏந்தி வருகிறார்கள். நான் அந்தப் பொன் வட்டத்தைத் தொடாமல் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஒரு துண்டை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். என் கணவர் இத்தாலிய உணவகமொன்றில் இருபது வருடமாகச் சமையல்காரர். மதியத்துக்கும் இரவுக்கும் இடையில் கிடைக்கும் இரண்டு மூன்று மணி நேர ஓய்வில் வீட்டுக்கு வந்து போவார். தட்டைப் பார்த்தார்.

“என்னப்பா, அடிப்பிடிச்ச சோத்தையும் ஆரும் குடுத்து விடுவினமோ?”

“முதல் தின்னுங்கோ. பிறகு கதையுங்கோ.”

கடித்தார். அந்தச் சத்தம் எனக்கு மேசைக்கு இந்தப் பக்கம் கேட்டது. இரண்டாவது தரம் கடித்தார். மூன்றாவது தரம் துண்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

“இது பிடிச்சதில்லை” என்றார் மெதுவாக. “பிடிக்க வைச்சது.”

அடுத்த நாள் வேலைக்குப் போகுமுன் எதிர்க் கதவைத் தட்டி, எண்ணெய் எவ்வளவு, நெருப்பு எவ்வளவு என்று கேட்டுக்கொண்டுதான் படியிறங்கினார்.

கொடுக்கல் ஒருபக்கமாகப் போய்க்கொண்டிருந்தது எனக்குச் சங்கடமாக இருந்தது. ஒரு ஞாயிறு மதியம் அவளைச் சாப்பிட அழைத்தேன். புட்டு, கத்தரிக்காய்ப் பால்கறி, மீன் குழம்பு. மணமே தெரியாதவளுக்கு என்ன சமைத்து என்ன என்று மனதுக்குள் ஒரு கவலை. ஈரானியர்களுக்கு உறைப்புப் பழக்கமில்லை என்பதும் தெரியும். அவளுக்கென்று குழம்பை ஒரு சின்னச் சட்டியில் தேங்காய்ப்பால் கூட்டித் தனியாக வைத்திருந்தேன். அவள் தவறுதலாகப் பெரிய சட்டியிலிருந்து அள்ளிவிட்டாள். நான் வறுத்து இடித்த தூளில் வைத்த குழம்பு.

வாயில் வைத்தாள். அப்படியே நின்றாள். முகம் சிவந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. நான் தயிரைத் தேடி ஓடினேன். திரும்பி வந்தபோது அவள் இரண்டாவது கரண்டி அள்ளிக்கொண்டிருந்தாள்.

“வேண்டாம், வேண்டாம், அது உங்களுக்கு இல்லை!”

“எடுக்காதேங்கோ!” சட்டியைக் கையால் மறைத்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. “எனக்குத் தெரியுது! என்னமோ தெரியுது! இத்தனை மாசத்துக்குப் பிறகு வாயிலை என்னமோ நடக்குது!”

உறைப்பு மணம் அல்ல, அது சூடு மாதிரி, நோவு மாதிரி, வேறு நரம்பால் போகிற சங்கதி என்று பிறகு விளக்கினாள். அவளுக்கு இனிப்புத் தெரியும், உப்புத் தெரியும், புளிப்புத் தெரியும். சாப்பாட்டின் உயிர் மட்டும் தெரியாமல் இருந்தது. என் தூள் அந்த வெறுமைக்குள் போய்க் கதவை உடைத்துவிட்டது. மூக்கைத் துடைத்துத் துடைத்து முழுக் குழம்பையும் தின்று முடித்தாள். கத்தரிக்காயைத் திரும்பிப் பார்க்கவில்லை. புட்டைக் கையால் உதிர்த்து, அதன் மென்மையை விரலால் தடவித் தடவிச் சாப்பிட்டாள். என் கணவர் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு என்னிடம் தமிழில் சொன்னார்: “நீர் வைச்ச குழம்பை இவ்வளவு மரியாதையா ஆரும் தின்னேல்லை. நான் உட்பட.”

கிளம்பும்போது வாசலில் அவள் கையை நீட்டி, இனி ‘ஸீ’ வேண்டாம், ‘டூ’ என்றே கூப்பிடுவோமா என்று கேட்டாள். இந்த நாட்டில் அது சிறிய விஷயமில்லை. சிலர் பத்து வருடம் ஒரே மேசையில் வேலை செய்துவிட்டும் கேட்க மாட்டார்கள். நீங்கள் போய் நீர் வந்தது.

இலையுதிர் காலத்தில் ஒரு நாள் அவள், “ஒரு நேர்த்தி இருக்கு” என்றாள். அவள் தம்பிக்குப் போன வருடம் இதே நாட்களில் இருதய ஒப்பரேஷன் நடந்திருக்கிறது. இவள் இங்கே, அவன் அங்கே. தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு, அவன் பிழைத்து எழும்பினால் ஒவ்வொரு வருடமும் அதே நாளில் ஷோலே ஸர்த் என்ற இனிப்புப் பொங்கல் காய்ச்சி அண்டை அயலுக்குக் கொடுக்கிறேன் என்று மனதில் நினைத்திருக்கிறாள். அவன் பிழைத்தான். இது முதல் வருடம். “நான் பள்ளிவாசல், தொழுகை எண்டு போறவள் இல்லை. ஆனால் சொன்னது சொன்னதுதான்.”

எனக்கு விளக்கவே தேவையிருக்கவில்லை. நேர்த்தி வைப்பதும் பொங்கிப் பகிர்வதும் எங்களுக்குத் தெரியாததா? பொருள்கூடக் கிட்டத்தட்ட ஒன்றுதான்: அரிசி, சீனி, வெண்ணெய், ஏலக்காய், பாதாம். கூடவே குங்குமப்பூவும் பன்னீரும். பன்னீரை நான் கல்யாண வாசலில் செம்பால் தெளித்துத்தான் அறிவேன். சாப்பாட்டில் ஊற்றுவார்கள் என்பது எனக்குப் புதினம்.

“பன்னீர்தான் சிக்கல்” என்றாள். “ஒவ்வொரு போத்தலும் ஒவ்வொரு பலம். அளவு கிடையாது. மூக்காலைதான் ஊத்துறது. நீர் சொல்ல வேணும்.”

“ஓம், சொல்லுறன்” என்றேன்.

நேர்த்தி நாள் ஒரு சனிக்கிழமை. வியாழனே எனக்குத் தடிமன் பிடித்துவிட்டது. சனி காலையில் எழும்பியபோது இரண்டு மூக்கும் அடைத்துக் கிடந்தது. கோப்பியை முகத்துக்கு நேரே பிடித்தேன். வெந்நீர் மாதிரி இருந்தது. போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று பல தரம் யோசித்திருக்கிறேன். இந்த ஏழெட்டு மாதத்தில் நான் ஒருத்திக்கு மூக்காகியிருந்தேன். வேலையிடத்தில் தட்டு நிரப்புகிறவள், வீட்டில் சமைக்கிறவள். இந்த ஒரு வாசலுக்குள் மட்டும்தான் என் வாயிலிருந்து வரும் சொல்லுக்காக ஒருவர் அகப்பையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்து நின்றார். அதை ஒரு தடிமனுக்கு விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆவி பிடித்தால் திறந்துவிடும் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டு போனேன்.

அவள் வீட்டில் இருந்ததிலேயே பெரிய பாத்திரம் அடுப்பில் இருந்தது. அரிசி குழைந்து, சீனி கரைந்து, குங்குமப்பூவில் முழுவதும் மஞ்சளாகி, எரிமலைக் குழம்பு போலக் கொப்புளம் விட்டுக்கொண்டிருந்தது. அந்த மஞ்சளைச் சூரியகாந்திப் பூவில்கூட நான் கண்டதில்லை.

பன்னீர்ப் போத்தலை எடுத்தாள். ஊற்றினாள். என்னைப் பார்த்தாள்.

குனிந்து இழுத்தேன். ஒன்றுமில்லை. “இன்னும் கொஞ்சம்” என்றேன்.

ஊற்றினாள்.

“இன்னும் கொஞ்சம்.”

என் குரலிலேயே ஒரு தடுமாற்றம் இருந்திருக்கும். அவள் கவனிக்கவில்லை, அல்லது என்னை முழுதாக நம்பினாள். மூன்றாவது தரமும் ஊற்றினாள். போத்தல் பாதிக்கு மேல் காலி.

அந்நேரம் மதிய ஓய்வுக்கு வந்த என் கணவர், வீட்டில் நான் இல்லாததைப் பார்த்துவிட்டு எதிர்க் கதவைத் தள்ளிக்கொண்டு எட்டிப் பார்த்தார். ஒரு அடி பின்னால் போனார்.

“என்னப்பா, ரெண்டு பேரும் சவுக்காரம் காய்ச்சுறியளோ?”

தமிழில் சொன்னதுதான். ஆனால் அவர் மூக்கைப் பொத்திய விதம் எந்த மொழிக்காரருக்கும் விளங்கும். அவள் அகப்பையைத் தூக்கிப் பிடித்தபடி என்னைத் திரும்பிப் பார்த்தாள். கொஞ்சம் எடுத்து வாயில் வைத்தாள். அவளுக்கு இனிப்பு மட்டும்தான் தெரியும். நான் வாயில் வைத்தேன். எனக்கும் இனிப்பு மட்டும்தான் தெரிந்தது.

“எனக்குத் தடிமன்” என்றேன். “மூண்டு நாளா. ஒண்டும் மணக்கேல்லை. நான் சொல்லேல்லை.”

சொல்லி முடிக்கும்போது அழுதுவிட்டேன். தம்பியின் உயிருக்காக வைத்த நேர்த்தி. எட்டு வீட்டுக்கும், கடையில் கூட வேலை செய்கிறவர்களுக்கும் போக வேண்டிய பாத்திரம். அதை என் வீண் பெருமையால் சவுக்காரமாக்கிவிட்டேன்.

அவள் அகப்பையை வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தாள். பிறகு தோள் குலுங்கத் தொடங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

“மூக்கில்லாத ரெண்டு பொம்பிளையள்” என்றாள். “மூக்கில்லாத ரெண்டு பொம்பிளையள் பன்னீர் ஊத்தியிருக்கினம்!” வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் அழுகையோடேயே சிரித்தேன்.

பிறகு எழும்பினாள். முகத்தைக் கழுவினாள். அந்த இரசாயன ஆசிரியை அப்போதுதான் முழுதாக வெளியே வந்தாள்.

“மணம் எண்டது என்ன? பறக்கிற பொருள். சூடு குடுத்தால் பறக்கும். மூடியைத் திறவும். கதவையும் திறவும்.” என் கணவர் பக்கம் திரும்பினாள். “நீங்கள் ஒரு சட்டியிலை அரிசி வையுங்கோ. சீனி இல்லாமல், நல்லாக் குழைய.”

அவர் ஓய்வு நேரம் என்பதையே மறந்துவிட்டுக் கையைக் கழுவி அரிசி களைந்தார். அவள் யன்னல்களையெல்லாம் திறந்தாள். படிக்கட்டுப் பக்கக் கதவையும் அகலத் திறந்து வாசலில் கழற்றிக் கிடந்த ஒரு சப்பாத்தை முட்டுக் கொடுத்தாள். பாத்திரம் வாய் திறந்து கொதித்தது. வெள்ளை ஆவி தாழ்வாரத்தைக் கடந்து, கதவைக் கடந்து, படிக்கட்டுக்குள் இறங்கிப் போவதை இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம். எங்களுக்கு அது வெறும் ஆவி.

முதலில் மேலே மூன்றாம் மாடியில் ஒரு கதவு திறக்கும் சத்தம் கேட்டது. கைக்குழந்தையை இடுப்பில் வைத்த இளம் தாய் கைப்பிடிக் கம்பிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். பிறகு கீழே ஒரு கதவு. பிறகு இன்னொன்று. ஒவ்வொருவராக வெளியே வந்து, படியில் நின்று, முகத்தைச் சற்று மேலே தூக்கினார்கள். கண்ணை மூடினார்கள். நான்கு வருடமாக நான் அந்தப் படிக்கட்டில் ஏறி இறங்குகிறேன். ஒருவர் வருகிறார் என்று தெரிந்தால் மற்றவர் கதவுக்குள் ஒரு நிமிடம் காத்திருந்துவிட்டு வெளியே வரும் படிக்கட்டு அது. அன்று அதில் ஏழு பேர் நின்றார்கள்.

தரைத்தளத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற பெரியவர் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து ஏறி வந்தார். குப்பைப் பையைத் தவறான நாளில் வெளியே வைத்தால் குறிப்பு எழுதி ஒட்டுகிறவர். கையில் மடித்த பேப்பர். எங்கள் வாசலில் நின்று மூச்சு வாங்கினார். இப்போது என்ன குறிப்பு எழுதப் போகிறாரோ என்று நான் பயந்தேன்.

“அரை மணித்தியாலமா என்னாலை பேப்பர் வாசிக்க முடியேல்லை” என்றார். “என்ன அது? எப்ப முடியும்?”

அவள் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அந்தத் தாயின் முகத்தை. பிறகு கீழே நின்றவர்களின் முகங்களை. என் கையைத் தேடிப் பிடித்தாள்.

“பாரும்” என்றாள். “எப்பிடி மணக்குது எண்டு பாரும்.”

நானும் பார்த்தேன். எங்கள் இரண்டு பேரின் மூக்கும் உதவாமல் கிடக்க, நாங்கள் காய்ச்சிய மணத்தை ஏழு பேரின் நெற்றியிலும் கண்ணிமையிலும் உதட்டிலும் பார்த்தோம். அந்தக் குழந்தை கையை விரித்து விரித்து ஆவியைப் பிடிக்கப் பார்த்தது. இதுவரை என் வாழ்நாளில் அதைப்போல ஒரு மணத்தை நான் அறிந்ததில்லை.

என் கணவர் குழையவைத்த அரிசியைச் சேர்த்து, சீனி பார்த்து, இன்னும் ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டோம். இடையிடையே பெரியவரைத்தான் கூப்பிட்டு மணக்கச் சொன்னோம். அவர் வெகு பொறுப்போடு குனிந்து, “இன்னும் பத்து நிமிஷம்” என்றார். சொன்னபடி பத்து நிமிடத்தில் நிறுத்தினோம். கிண்ணங்களில் ஊற்றி ஆறவைத்து, மேலே கறுவாத்தூளை இரண்டு விரலால் எடுத்துக் கோலம் போடுவது போலத் தூவி அவள் பாரசீக எழுத்தில் ஏதேதோ எழுதினாள். ஒன்றில் என்னை எழுதச் சொன்னாள். ‘மணம்’ என்று எழுதினேன். ‘ண’வுக்குச் சுழி போட்டு முடிப்பதற்குள் தூள் சரிந்து பாதி பரவிவிட்டது.

அதன் பின் அவளுக்கு மூக்கு உடனே திரும்பிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. குளிர்காலம் முழுக்க ஒன்றுமில்லை. மாசியில் ஒரு நாள் நான் வேலையிடத்தில் சூப் ஊற்றிக்கொண்டிருக்கும்போது தொலைபேசி அதிர்ந்தது. கடையிலிருந்து பேசினாள். மூச்சிரைத்தது.

“நாறுது!” என்றாள். “நாறுது!”

“என்ன நாறுது?”

“வாளித் தண்ணி! ரோசாத்தண்டு அழுகின தண்ணி! மூண்டு நாள் ஆரும் மாத்தேல்லை! ஐயோ, என்ன நாத்தம்!” அவ்வளவு சந்தோஷமாக அந்தச் சொல்லை ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை. வாளிக்கு முன்னால் முழந்தாளிட்டு இருந்தாளாம். கூட வேலை செய்கிறவர்கள் மயங்கி விழுந்துவிட்டாள் என்று ஓடி வந்திருக்கிறார்கள்.

அந்த நாற்றத்துக்குப் பின்னால் மற்றவை ஒவ்வொன்றாக, முறையில்லாமல் வந்தன. சில இன்னும் வரவில்லை. சில தவறான உருவத்தில் வந்திருக்கின்றன: வெங்காயம் பொரிந்தால் அவளுக்குப் பெற்றோல் மணக்கிறது. அதனால் வெங்காயம் வதக்குவது என் வேலை; முடிந்ததும் கதவைத் தட்டி அவளை உள்ளே கூப்பிடுவேன்.

போன மாதம் ஆஸ்பத்திரியில் அவளுக்கு மணப் பரிசோதனை இருந்தது. துணைக்குப் போனேன். தடித்த பேனாக்கள் போல ஒரு பெட்டி நிறைய இருந்தன. ஒவ்வொன்றாக மூடியைத் திறந்து மூக்கின் கீழ் பிடிக்கிறார்கள். பாதிக்கு மேல் சரியாகச் சொன்னாள். நல்ல முன்னேற்றம் என்றார் மருத்துவர். வெளியே வந்தவள் நேரே பஸ் தரிப்பிடத்துக்கு நடந்தாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டம். இருவரும் பின்பக்கம் நின்றோம். அவள் என் காதருகே குனிந்தாள்.

“முன்னுக்கு நிக்கிற அந்த ஆள்” என்றாள். “தோடம்பழம் தின்னிருக்கிறார். இப்பதான்.”

நான் இழுத்து மணந்தேன். எனக்கு ஈரக் கோட்டும் பிரேக்கும்தான் மணந்தன. அடுத்த தரிப்பிடத்தில் அந்த மனிதர் இறங்கினார். கோட்டுப் பைக்குள் கையை விட்டு, சுருண்ட ஒரு செம்மஞ்சள் தோலை எடுத்துக் குப்பைத் தொட்டிக்குள் போட்டுவிட்டு நடந்தார்.